ஞாயிறு வந்தால் போதும்

எங்கள் கல்லூரியில் மொத்தம் இருபத்தெட்டுப் பேர் படித்தோம். நாரந்தனையில், இலண்டனுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் பெரிய வீடு பூட்டிக் கிடந்தது. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் தன் நண்பர்கள் மூன்று பேருடன் சேர்ந்து அந்த வீட்டைக் கேட்டு வாங்கி, எண்பத்தைந்தாம் ஆண்டில் அதைக் கல்லூரியாக்கி, அதிபருமானார். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தும் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் போனவர்கள்தான் அங்கே சேர்ந்தோம். பல்கலைக்கழகத்துக்குப் போகாமலே பரீட்சை எழுதிப் பெறும் கலைமாணி வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பித்தார்கள். விறாந்தையில் தமிழ், மண்டபத்தில் வரலாறு, குசினியில் மெய்யியல். குசினிச் சுவர் பழைய அடுப்புப் புகையில் நன்றாகக் கறுத்திருந்ததால் அங்கே கரும்பலகை வைக்கவில்லை. சுவரிலேயே வெண்கட்டியால் எழுதினார்கள்.

நான் சேர்ந்தபோது, யாழ்ப்பாணத்தை ஒட்டிய அந்தத் தீவு எனக்குப் புதிது. அப்பாவின் ஊர் அங்குள்ள சுருவில் என்றாலும் நான் பிறந்து வளர்ந்தது தெற்கே, அப்பா கடை வைத்திருந்த ஒரு சிறு பட்டணத்தில். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடையும் அதற்கு மேலே நாங்கள் இருந்த வீடும் எரிந்த பிறகு, அகதிகளோடு கப்பலேறி வந்து சேர்ந்தோம். சுருவிலில் கிணற்றுத் தண்ணீர் உவர்த்தது. நான் பேசும் தமிழைக் கேட்டுச் சொந்தக்காரப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பட்டணத்தின் மழையையும், பக்கத்து வீட்டுச் சிங்களச் சிநேகிதியையும் நினைத்து நான் ஏங்கியதை வீட்டில் சொல்ல முடியவில்லை. எங்களை எரித்துத் துரத்திய ஊருக்காகவா அழுகிறாய் என்று அம்மா கேட்டிருப்பா. அவ கேட்பதிலும் நியாயம் இருந்திருக்கும்.

முதல் நாள் விறாந்தையில் ஒரே ஒரு வாங்கில்தான் இடம் இருந்தது. அங்கே ஒரு பெண் தன் செருப்பைக் கழற்றி, உள்ளே புகுந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“இதிலை இருக்கலாமோ?” என்று கேட்டேன்.

“இரும். நீர் எவடம்?”

“சுருவில்.”

“உம்மட கதையைக் கேட்டாச் சுருவில் மாதிரி இல்லையே.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைக் கண்டுவிட்டு அவள் சிரித்தாள். “நான் நெடுந்தீவு. என்ர கதையைக் கேட்டும் இஞ்சை எல்லாரும் சிரிக்கினம். ரெண்டு பேரும் ஒரு வாங்கிலை இருந்தா அவைக்கும் சுகம்.”

அன்றிலிருந்து நாலரை ஆண்டுகள் அந்த வாங்கில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவளுக்கு என் வயதுதான். வாரத்தில் ஐந்து நாளும் புளியங்கூடலில் பெரியம்மா வீட்டில் தங்கி, வெள்ளி பின்னேரம் பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் போய், லோஞ்ச் படகு ஏறி நெடுந்தீவுக்குப் போவாள். திங்கள் காலையில் உப்புக்காற்றில் கலைந்த தலையோடு வந்து சேருவாள். அவளிடம் சைக்கிள் இல்லை. எனக்குக் கொஞ்சம் சுற்றுத்தான், ஆனாலும் தினமும் புளியங்கூடலுக்குப் போய் அவளைக் கரியரில் ஏற்றிக்கொண்டுதான் நாரந்தனைக்கு மிதிப்பேன். எதிர்க்காற்று அடிக்கும் மாதங்களில் அவள் குதித்து இறங்கி என்னைக் கரியரில் இருத்தி, தான் மிதிப்பாள். என்னைவிட அவளுக்குப் பலம் அதிகம். படிப்பிலும் அப்படித்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

புத்தகங்கள் குறைவு. ஐரோப்பிய வரலாற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரேயொரு புத்தகம் இருந்தது. அதிபர் அதைப் பிரித்து, ஆளுக்கொரு அத்தியாயமாகக் கொடுத்து, தமிழில் எழுதி வரச் சொன்னார். பிறகு எல்லோரும் எல்லோருடையதையும் பார்த்துப் படியெடுத்தோம். சிலருடைய அத்தியாயத்தில் அரசன் செத்து இரண்டு பக்கம் கழித்து மறுபடியும் சண்டைக்குப் போனான். அவளுடைய அத்தியாயம் மட்டும் தமிழிலேயே எழுதப்பட்ட புத்தகம்போல ஓடும். தெரியாத சொல் வந்தால் விடமாட்டாள். பெரியம்மா வீட்டு அலுமாரியில் கிடந்த பழைய அகராதியில் தேடி, அதிலும் இல்லாவிட்டால் ஆங்கில ஆசிரியரைத் தேடி அவர் தோட்டத்துக்கே போவாள். அவர் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தபடி அர்த்தம் சொல்லுவார்.

பரீட்சையோடு தொடர்பில்லாத ஒரு வகுப்பும் இருந்தது. புதன்கிழமைகளில் கடைசி ஒரு மணித்தியாலம் ஒரு மாணவர் எழுந்து, தனக்குத் தெரிந்த ஒன்றை மற்றவர்களுக்குப் படிப்பிக்க வேண்டும். எதுவானாலும் சரி. ஒருவர் வாடைக்காற்றும் சோளகக்காற்றும் எப்போது திரும்பும் என்று சொன்னார். இன்னொருத்தி பனங்கட்டி காய்ச்சும் பக்குவம் சொன்னாள். நெடுந்தீவுக்காரி தன் முறை வந்தபோது ஒரு சாக்கில் கல் கொண்டுவந்தாள். திங்கள் காலை லோஞ்சில் ஏற்றி, பஸ்ஸில் இறக்கி, என் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்த முருகைக் கற்கள், பவளப் பாறைத் துண்டுகள். மேசையில் அவற்றைச் சாந்தில்லாமல் அடுக்கி இரண்டடி உயர வேலி கட்டினாள்.

“இதிலை சீமெந்து இல்லை, சுண்ணாம்பும் இல்லை,” என்றாள். “காத்துப் போறதுக்கு ஓட்டை விட்டுத்தான் அடுக்கிறது. ஓட்டை இல்லாட்டி மதில் விழும்.”

பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரு கல் வைக்கச் சொன்னாள். நான் வைத்த கல்லோடு முழு வேலியும் சரிந்தது. வகுப்பே சிரித்தது. அதிபரும் சிரித்தார்.

என் முறை வருவதற்கு இரண்டு வாரம் முன்பே நான் கொப்பியில் தலைப்புகளை எழுதி எழுதி வெட்டத் தொடங்கிவிட்டேன். எனக்கு எதுவும் தெரியாது என்று அவளிடம் சொன்னேன்.

“உமக்குச் சிங்களம் தெரியுமே.”

“அதைப் போய் இஞ்சை எப்பிடி?”

“ஏன், தெரிஞ்சதைத்தானே படிப்பிக்கச் சொன்னவை?”

அந்தப் புதன்கிழமை நான் குசினிச் சுவரில் சிங்கள எழுத்துகளை எழுதினேன். ஐந்தாவது எழுத்து எழுதும்போது பின்னாலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். அவருடைய அண்ணனை எண்பத்து நாலில் இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்; திரும்பி வரவில்லை.

“உந்தப் பாஷை எங்களுக்கு என்னத்துக்கு?” என்றார். “உங்கட கடையையும் அவங்கள்தானே எரிச்சவங்கள்?”

அவர் சொன்னது பொய்யில்லை. வெண்கட்டியைக் கீழே வைத்தேன். அப்போது அவள் எழுந்தாள்.

“அண்ணை, உங்களுக்குக் கேக்க ஏலாட்டி வெளியிலை நில்லுங்கோ. ஒருத்தரும் பிழை சொல்லமாட்டினம். ஆனா எனக்குப் படிக்க வேணும்.”

அவர் வெளியே போனார். கூடவே இன்னும் நாலு பேர் போனார்கள். மிச்சப் பேர் இருந்தார்கள். நான் எழுத்துகளை முடித்துவிட்டு, அந்தப் பட்டணத்தில் மழை வருமுன் பக்கத்து வீட்டுச் சிநேகிதி ஓடிவந்து எங்கள் கொடியிலிருந்த உடுப்பை எடுத்துக்கொண்டு என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் காட்டினேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். இரண்டரை ஆண்டாக அடக்கி வைத்த அழுகை அது. வெளியே போன மாணவர் அடுத்த நாள் என் கொப்பியை வாங்கி மெய்யியல் குறிப்பு எழுதினார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அன்று திரும்பும் வழியில் அவள் கரியரில் இருந்தபடி கேட்டாள், “நீ அவளுக்குக் கடிதம் எழுதினனியோ?”

அதுதான் முதல் தடவை என்னை நீ என்றாள். நான் இல்லை என்றேன். முகவரி எரிந்துபோகவில்லை, நினைவில் இருந்தது. என்ன எழுதுவதென்றுதான் தெரியவில்லை.

முதற் பகுதிப் பரீட்சையில் இருவரும் சித்தியடைந்தோம். அவளுக்கு என்னைவிட எல்லாப் பாடத்திலும் கூடுதல் புள்ளி. எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியதும் கல்லூரி மூடப்பட்டது. மாதக் கணக்கில் திறக்கவில்லை. மறுபடி கூடியபோது இருபத்தெட்டுப் பேரில் பதினெட்டுப் பேர்தான் மிஞ்சினோம். இறுதிப் பரீட்சை தள்ளிப் போய், கடைசியில் எண்பத்தொன்பதில் திகதி வந்தது. யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள், நாளுக்கு ஒரு வினாத்தாள். ஐந்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த ஆண்டுப் பரீட்சை இல்லை.

வகுப்புகள் முடிந்து படிப்பு விடுமுறைக்கு அவள் நெடுந்தீவுக்குப் போயிருந்தாள். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. பரீட்சைக்கு முந்திய வெள்ளிக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். இரண்டு நாள் சேர்ந்து படித்துவிட்டு, ஞாயிறு பின்னேரம் பட்டணத்தில் என் மாமா வீட்டுக்குப் போய்த் தங்குவோம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்த வாரம் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவளோடு சேர்ந்து படித்தால் அவள் ஒரு தடவை பார்த்ததை நான் நாலு தடவை பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் கேள்வி கேட்பாள், எனக்குப் பதில் வராது, அவள் பொறுமையாகச் சொல்லித் தருவாள். அந்தப் பொறுமைதான் என்னை நடுங்க வைக்கும். கடைசி இரண்டு நாளாவது தனியே இருந்து படிக்க வேண்டும் என்று நினைத்தேன். நெடுந்தீவுக்குப் போகும் ஒருவரிடம் ஒரு துண்டுக் கடிதம் கொடுத்துவிட்டேன். “வீட்டில் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து நிற்கிறார்கள், இடம் காணாது. நீ ஞாயிறு வந்தால் போதும், நேரே மாமா வீட்டுக்கு வா,” என்று எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் ஒருவரும் வந்து நிற்கவில்லை.

சனிக்கிழமை காலையில் காற்று எழும்பியது. மத்தியானத்துக்குள் எங்கள் வளவில் இரண்டு முருங்கை முறிந்து விழுந்தன. லோஞ்ச் ஓடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஞாயிறும் ஓடவில்லை. ஞாயிறு பின்னேரம் நான் தனியே பஸ் ஏறினேன். மாமா வீட்டில் அவளுக்கென்று விரித்த பாயைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

திங்கட்கிழமை மண்டபத்தில் எனக்கு முன்மேசை அவளுடையது. மூலையில் அவளுடைய சுட்டெண் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. மேற்பார்வையாளர் வினாத்தாளை அந்த மேசையிலும் வைத்தார். அரை மணித்தியாலம் கழித்து வந்து எடுத்துக்கொண்டு போனார். அன்று தமிழ். நான் நன்றாக எழுதினேன். அப்படி எழுத முடிந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது. செவ்வாயும் அந்த மேசை வெறுமையாகவே இருந்தது.

புதன் காலை பரீட்சை தொடங்கக் கால் மணி இருக்கும்போது அவள் வாசலில் வந்து நின்றாள். சேலைக் கரை முழங்கால்வரை நனைந்து உப்புப் படிந்திருந்தது. விடிய முதல் லோஞ்சில் வந்து, பஸ் பிடித்து, பஸ் நிலையத்திலிருந்து ஓடி வந்திருக்கிறாள். மேற்பார்வையாளர் பதிவைப் பார்த்தார்.

“பிள்ளை, ரெண்டு பேப்பர் விட்டிட்டீர். இனி எழுதியும் பிரயோசனமில்லை. உமக்குத் தெரியுந்தானே?”

“ஓம் சேர், தெரியும்.”

“பின்னை?”

“படிச்சிட்டன் சேர். படிச்சதை எழுதாமல் என்னெண்டு போறது?”

அவர் வினாத்தாளை நீட்டினார். அன்று வரலாறு. அவள் மூன்று மணித்தியாலமும் தலை நிமிராமல் எழுதினாள். இரண்டு தடவை எழுந்து மேலதிகத் தாள் வாங்கினாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு பாதி நேரத்தைப் போக்கினேன். வியாழனும் வெள்ளியும் வந்து மிச்ச இரண்டையும் எழுதினாள். மாமா வீட்டில் இரவில் எனக்குச் சொல்லித் தந்தாள். கடலைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானும் கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பெறுபேறு தபாலில் வந்தது. நான் சித்தியடைந்திருந்தேன். தெரிந்தவர்கள் எல்லோரும் வந்து வாழ்த்தினார்கள். அதற்கடுத்த வாரம் நான் நெடுந்தீவுக்குப் போனேன். நான் அங்கே போனது அந்த ஒரே தடவைதான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று லோஞ்சில் முழு வழியும் வசனம் கட்டிக்கொண்டு போனேன். சொல்லியனுப்பியிருந்ததால் அவள் இறங்குதுறையில் நின்றாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், அயல் சின்னப் பிள்ளைகள் எட்டுப் பேருக்குத் தான் பாடம் சொல்லிக் கொடுக்கும் மாமர நிழலைக் காட்டினாள். அவளுடைய அப்பா பொரித்த மீனைத் தன் கையாலேயே என் தட்டில் போட்டு, “என்ர பிள்ளையைச் சைக்கிளிலை ஏத்தித் திரிஞ்ச பிள்ளை நீரோ?” என்றார். ஓம் என்று சொல்லி மீனைப் பிய்த்தேன்; கட்டி வந்த வசனத்தைச் சொல்லவேயில்லை.

திரும்பும்போது அவள்தான் சொன்னாள், “அடுத்த வருசம் திரும்ப எழுதுறன். நீ நோட்ஸ் எல்லாத்தையும் கவனமா வை.”

அடுத்த வருடம் ஆவணியில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் வந்தது. கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு நாங்கள் யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு ஓடினோம். நோட்ஸ் எல்லாம் அலுமாரிக்குள் இருந்தது. அம்மாவின் மருந்துப் பையையா கொப்பிகளையா என்று யோசிக்கக்கூட அன்று நேரமில்லை. நாரந்தனை வீட்டுக்குப் பிறகு ஒருவரும் போக முடியவில்லை. அதிபர் பட்டணத்தில் ஒரு கோயில் மடத்தில் தங்கியிருந்தார். ஒரு நாள் கண்டபோது, “கல்லூரித் திறப்பு என்னட்டைத்தான் இருக்கு,” என்று சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

நெடுந்தீவிலிருந்து அவளும் வீட்டாரும் வெளியேறவில்லை என்று மட்டும் தெரிந்தது. நான் தொண்ணூற்றிரண்டில் கொழும்புக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தேன். அவளுக்குப் பதினொரு கடிதம் போட்டேன். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. தான் சுகம், அப்பா இல்லை, மாமர வகுப்பில் இப்போது இருபது பேர் என்று எழுதியிருந்தாள். கொழும்பில் பஸ்ஸில் போகும்போது யாராவது பெண் செருப்பைக் கழற்றித் தட்டினால் நான் எழுந்து பார்ப்பேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தொடக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி வந்தது. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜின் பெயரைச் சொல்லி, “நான்தான், வா,” என்றாள். கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்திருந்தாள். கனடாவிலிருந்த அண்ணன் அவளைக் கூப்பிட்டிருந்தான்.

ஆறு கட்டில் போட்ட அறை. அவள் மெலிந்து கறுத்திருந்தாள். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு நான் கட்டில் விளிம்பில் இருந்து, வேறு ஒன்றும் கேட்காமல், அதைச் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வந்திருக்கவில்லை என்று.

“எனக்குத் தெரியும்,” என்றாள்.

“என்னெண்டு?”

“அடுத்த மாசமே பெரியம்மா சொன்னவ. உங்கட வீட்டை ஒரு சனமும் வரேல்லையாம். அவ உன்ர அம்மாவைக் கோயிலிலை கண்டு கதைச்சவ.”

“அப்ப நான் நெடுந்தீவுக்கு வரேக்கை உனக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“ஏன் கேக்கேல்லை?”

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “கேட்டா நீ அழுவாய். பிறகு வெக்கத்திலை திரும்ப வரமாட்டாய். எனக்கு நீ வர வேணும் போலை இருந்தது.” கையை விடாமலே, “கோவம் இல்லை எண்டு சொல்லேல்லை. இருந்தது. ரெண்டு வருசம் இருந்தது. பிறகு அங்கை கோவப்பட வேற கனக்க விசயம் வந்திட்டுது,” என்றாள்.

நான் அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா ஒருவர் எழுந்து வெளியே போய் எங்களுக்கு இடம் விட்டார்.

அவளுக்குத் தூதரகப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் எல்லாம் அவளே எழுதியிருந்தாள். கல்வி என்ற இடத்தில் மட்டும் பேனையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். “உயர்தரம் எண்டு போட்டு விடுறன், என்ன?” என்றாள். நான் படிவத்தை வாங்கி, அதற்குக் கீழே எங்கள் கல்லூரியின் பெயரையும், நாரந்தனை என்றும், நாலரை ஆண்டு என்றும் எழுதினேன்.

“அப்பிடி ஒரு கல்லூரி இருந்ததெண்டு அவங்கள் கேட்டா ஆர் சொல்லுறது?”

“என்ர விலாசத்தைக் குடு. நான் சொல்லுறன்.”

ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் அவளுக்கு விசா கிடைத்தது. விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில் இடமில்லை என்று காலி வீதியோரத்திலேயே வழியனுப்பினேன். வண்டி நகர்ந்த பிறகும் அவள் கண்ணாடியைத் திறந்து, பாதி உடம்பு வெளியே தெரிய, எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதுபோலத் தலையாட்டினேன்.